மழை விட்ட பிறகு வந்த தண்ணீர்

வெள்ளம் வரப்போகிறது என்று யாராவது முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று 2016 மே மாதக் கடைசி வரை புலம்பிக்கொண்டிருந்தேன். நிதானமாக யோசித்துப் பார்த்தால் மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள். மலைநாட்டு ஹட்டனிலிருந்து அம்மா, பக்கத்து வீட்டு நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்), அப்புறம் வானொலியில் செய்தி வாசித்த அந்தப் பெண். மூன்று பேர் சொன்னதையும் காதில் வாங்காமல், நான் கர்த்தருடைய சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அந்தக் கூத்தைத்தான் எழுதப்போகிறேன்.

நான் ஹட்டன் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி 2014இல் கொழும்புக்கு வந்தோம். வெல்லம்பிட்டியில், களனி ஆற்றுக்கு நடந்து போகிற தூரத்தில் கீழ்த்தள வாடகை வீடு. கணவர் கட்டாருக்குப் போன பிறகு முன்னறையைத் தையலறையாக்கினேன். தையல் மெஷின் இரண்டு, துணியோரம் அடிக்கிற ஓவர்லொக் மெஷின் ஒன்று, பத்துப் பதினைந்து வாடிக்கையாளர்களின் சேலைகளும் சட்டைத் துணிகளும் எப்போதும் இருக்கும். வீட்டில் நான் மட்டும்தான். வாரத்தில் ஆறு நாள் தையல், ஞாயிறு கொட்டாஞ்சேனையில் ஆராதனை, வேறு போக்கிடம் கிடையாது.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது எங்கள் சபையில் வழக்கம். வரப்போகிற வருஷத்துக்கு நமக்கென்று ஒரு வேத வசனம் அதில் இருக்கும். தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள், ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். அந்த வருஷம் எனக்கு வந்தது ஏசாயா 43:2. "நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்; நீ ஆறுகளைக் கடக்கும்போது அவைகள் உன்மேல் புரளுவதில்லை." வீட்டுக்கு வந்து அதைக் காந்த வில்லையால் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன். ஆற்றோரம் குடியிருப்பவளுக்கு இதைவிடப் பொருத்தமான வசனம் கிடைக்குமா என்று ஒரு பெருமை கூட.

மே 15 பெந்தெகொஸ்தே ஞாயிறு. ஆவியானவர் நம்மை வழிநடத்துவதைப் பற்றித்தான் பிரசங்கம். திரும்பி வரும்போதே பஸ்ஸின் கண்ணாடி வழியாக எதுவும் தெரியாத அளவுக்கு மழை. அன்றிரவு அம்மா ஃபோன் எடுத்தார். "இங்க விடாம ஊத்துது பிள்ளை, ஆத்துல கலங்கல் தண்ணியா போகுது, நீ கவனமா இரு" என்றார். எனக்கு அது வழக்கமான அம்மா பேச்சாகப் பட்டது. மலையில் மழை பெய்தால் மலையில் இருப்பவர்கள்தானே கவனமாக இருக்க வேண்டும்? எங்கள் ஊரைத் தாண்டி ஓடுகிற கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கித்துல்கல பக்கம் சேர்ந்துதான் களனி கங்கையாகிறது என்று ஐந்தாம் வகுப்பிலேயே படித்திருக்கிறேன். அம்மாவின் கூரையில் விழுகிற தண்ணீர் ஒருநாள் என் வாசலுக்கு வரும் என்பது மட்டும் படித்த மண்டைக்குள் ஏறவில்லை.

திங்கட்கிழமை நானா வந்து கதவைத் தட்டினார். அந்த லேனில் முப்பது வருஷத்துக்கு மேல் இருப்பவர். 1989 வெள்ளத்தைப் பார்த்தவர், எங்கள் வீட்டுச் சுவரில் அப்போது தண்ணீர் ஏறிய உயரத்தைக் கையால் காட்டினார். என் தோள் அளவுக்கு வந்தது. "தங்கச்சி, மெஷினெல்லாம் மேல ஏத்திருவமா? நம்ம பொடியன்மார் ரெண்டு பேர வரச் சொல்றன்" என்றார். நான் "பார்ப்போம் நானா" என்றேன். மூன்று பிளவுஸ் அன்று மாலைக்குள் முடிக்க வேண்டியிருந்தது. மெஷினைத் தூக்கிவிட்டால் எதில் தைப்பது? அவர் போன பிறகு மனம் கேட்காமல் ஃபிரிட்ஜ் முன்னால் போய் நின்று ஜெபித்தேன். வசனத்தைப் படித்தேன். 'புரளுவதில்லை.' சமாதானம் வந்துவிட்டது. அந்தச் சமாதானம் கர்த்தரிடமிருந்து வந்ததா, மூன்று பிளவுஸுக்கான கூலியிலிருந்து வந்ததா என்று இன்றைக்குக் கேட்டால் இரண்டாவது என்றுதான் சொல்வேன்.

செவ்வாய்க்கிழமை கொழும்பில் மழை குறைந்தது. மத்தியானம் சற்று வெளிச்சம் கூட வந்தது. கொடியில் துணி போட்டேன். அரநாயக்கவில் மண் சரிந்து வீடுகள் புதைந்துவிட்டதாகச் செய்தி வந்தபோது அந்தக் குடும்பங்களுக்காக ஜெபித்தேன். அதே செய்தியில் களனி ஆற்றின் இரு கரையிலும் இருப்பவர்கள் அவதானமாக இருக்கச் சொன்னார்கள். மழை விட்டுவிட்டதே, இனி எங்கே வெள்ளம் என்று வானொலியை நிறுத்தினேன். இங்கேதான் நான் ஏமாந்தேன். தட்டையான இடத்தில் ஆற்றோரம் இருப்பவர்கள் அண்ணாந்து வானத்தைப் பார்ப்பதில் பயனில்லை. தெரணியகலவிலும் கித்துல்கலவிலும் பெய்த மழை ஹங்வெல்லவைக் கடந்து நம்மிடம் வந்து சேர மணித்தியாலக் கணக்கில் எடுக்கும். நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதும் அது வந்துகொண்டே இருக்கும். நீர்ப்பாசனத் திணைக்களம் ஆற்று மட்டத்தை ஊர் ஊராக அறிவிக்கிறது. கொழும்புக்கு நாகலகம் வீதி அளவுகோல் கணக்கு, ஆனால் அங்கே ஏறிவிட்ட பிறகு பார்த்து என்ன செய்ய? ஹங்வெல்ல மட்டத்தைக் கேளுங்கள். ஹங்வெல்ல ஏறுகிறது என்றால் உங்களுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது என்று அர்த்தம். சந்தேகம் வந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 என்ற இலக்கத்தில் எடுக்கலாம். எனக்கு அப்போது அந்த இலக்கமே தெரியாது.

தண்ணீர் வாசல் வழியாக வரும் என்று நினைத்திருந்தேன். அன்றிரவு பதினொரு மணியிருக்கும், குளியலறையில் 'களக் களக்' என்று சத்தம். குழாயை மூட மறந்துவிட்டேனோ என்று போய்ப் பார்த்தால், தரையில் இருக்கிற வடிகால் துவாரத்திலிருந்து கறுப்புத் தண்ணீர் குமிழ் விட்டுக்கொண்டு மேலே வருகிறது. வாசலில் அப்போது சொட்டுத் தண்ணீர் இல்லை. பழைய துணியைச் சுருட்டி அடைத்தேன், அது மிதந்து வெளியே வந்தது. மணலை உரப்பையில் கட்டி அந்தத் துவாரத்தின் மேலும் கழிப்பறைக் குழியின் மேலும் வைத்திருந்தால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்திருக்கும் என்று பின்னர் நானா சொன்னார். முக்கால் மணி நேரத்தில் கணுக்கால், அடுத்த அரை மணியில் முழங்கால். மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும் என்ற புத்தி மட்டும் எப்படியோ வந்தது. நாற்றமும் கும்மிருட்டும். டோர்ச் வெளிச்சத்தில் நான் எடுத்துக்கொண்டு ஓடிய பொருட்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். கைப்பை, வேதாகமம், இஸ்திரிப்பெட்டி. ஏன் இஸ்திரிப்பெட்டி? தெரியாது. கல்யாணப்பெண் ஒருத்தியின் காஞ்சிபுரம் கட்டிலின் மேல்தான் இருந்தது, அதைத் தாண்டித்தான் வந்தேன். கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் வராது என்று நினைத்திருப்பேன் போல.

நானா வீட்டு மாடியில் அன்றிரவு பதினான்கு பேர். அவர் மனைவி எனக்கு மாற்று உடுப்புத் தந்து, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, பிள்ளைகளுக்கு நடுவில் படுக்க இடம் விட்டார். கீழே என் வீட்டிலிருந்து இடைக்கிடை 'டொம்' என்று ஒரு சத்தம். ஃபிரிட்ஜ் மிதந்து சுவரில் மோதுகிற சத்தம் அது. ஃபிரிட்ஜ் மிதக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அதன் கதவில் என் வசனம் இருக்கிறது என்பதும் ஒவ்வொரு சத்தத்துக்கும் நினைவு வந்தது. விடியற்காலை அவர்கள் தொழ எழுந்தார்கள். நானும் எழுந்து உட்கார்ந்தேன். ஜெபிக்க வாய் வரவில்லை. உமக்கு முன்னமே தெரியுமே, தெரிந்துகொண்டா அந்த அட்டையை என் கையில் எடுக்கவைத்தீர் என்றுதான் உள்ளே ஓடியது. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

வியாழக்கிழமை படகில் பிரதான வீதிக்குக் கொண்டுவந்து விட்டார்கள். கொட்டாஞ்சேனையில் சபைத் தோழி ஒருத்தியின் வீட்டில் தங்கினேன். சனிக்கிழமை பௌத்தர்களின் வெசாக் பண்டிகை, பல இடங்களில் பந்தல் காசை வெள்ள நிவாரணத்துக்குத் திருப்பிவிட்டார்கள். ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம். ஒரு சகோதரி எழுந்தார். வெள்ளத்துக்கு முதல் நாள் 'உடனே தெஹிவளைக்குத் தங்கை வீட்டுக்குப் போ' என்று கர்த்தர் உள்ளத்தில் பேசினாராம், போனாராம், தப்பினாராம். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். எனக்கு வயிற்றில் எரிந்தது. அவளோடு பேசிய கர்த்தர் என்னோடு ஏன் பேசவில்லை? அரநாயக்கவில் மண்ணுக்கடியில் போன பிள்ளைகளோடு? ஆராதனை முடிந்ததும் இன்னொருவர் வந்து, தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்திலொன்று, சபைக்கு ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். நல்ல மனுஷன்தான், ஆனால் அந்தக் கேள்வியை மறக்க எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ, இல்லை என்று இயேசுவே லூக்கா 13இல் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வெள்ளத்தில் வீடு போனவரிடம் போகிறவர்கள் அந்தப் பகுதியை ஒரு தடவை வாசித்துவிட்டுப் போங்கள். முடிந்தால் ஒரு வாளியும் தும்புத்தடியும் எடுத்துக்கொண்டு போங்கள்.

அடுத்த செவ்வாய் தண்ணீர் வடிந்த வீட்டுக்குப் போனேன். கதவு ஊதிப்போய்த் திறக்கவில்லை, நானாவின் பொடியன் தோளால் இடித்துத் திறந்தான். சுவரில் என் நெஞ்சு உயரத்தில் ஒரு நேர்க்கோடு, யாரோ அடிமட்டம் வைத்துக் கீறியது போல. ஃபிரிட்ஜ் குப்புறக் கிடந்தது. காஞ்சிபுரம் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் சேற்றுக்குள். ஜரிகை மட்டும் ஓரிடத்தில் மின்னியது. நான் அதை அப்படியே எடுத்து வெயிலில் காயப்போட்டேன். அதுதான் சேலையைக் கொன்றது. புறக்கோட்டையில் சேலைக் கடை வைத்திருக்கும் ஒருவர் பிறகு விளக்கினார். சேறு ஈரமாக இருக்கும்போதே பச்சைத் தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசி, நிழலில் போட்டிருந்தால் பாதியாவது தேறியிருக்கும், காய்ந்த சேறு பட்டு நூலோடு ஒட்டிவிடும். மெஷின் விஷயத்திலும் அப்படித்தான். ஒன்றின் மோட்டாரை, வெளியே காய்ந்துவிட்டதே என்று கரண்ட் கொடுத்துப் பார்த்தேன், புகைந்துவிட்டது. மற்றதைத் தொடாமல் திருத்துபவரிடம் கொடுத்தேன், பிழைத்துக்கொண்டது. சேற்றுக்குள் இறங்கி வேலை செய்கிறவர்கள் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மாத்திரையைக் கேட்டு வாங்குங்கள். டொக்சிசைக்ளின் என்று சொல்வார்கள், நீங்களாகக் கடையில் வாங்கி விழுங்காமல் சுகாதாரப் பரிசோதகரிடமோ டொக்டரிடமோ கேளுங்கள். காலில் ஒரு சிறு கீறல் போதும், அந்த வருத்தம் வர.

காசுக் கணக்கையும் சொல்கிறேன், இதை யாரும் சாட்சியில் சொல்வதில்லை. மெஷின் திருத்த 14,500 ரூபாய். புகைந்ததற்குப் பதிலாகப் பழைய மெஷின் ஒன்று 42,000. ஓவர்லொக் 65,000. ஃபிரிட்ஜ் 54,000. மெத்தை, அலுமாரி 60,000. வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது 71,000. மொத்தம் 306,500. ஏழு வாரம் வேலை இல்லாமல் இருந்தது இதில் சேரவில்லை. கணவர் அங்கே கடன் வாங்கி அனுப்பினார். கல்யாணப்பெண்ணின் அம்மாவிடம் சேலையைக் காட்டப் போன அந்த அரை மணி நேரத்துக்கு நான் விலை போடவில்லை. அவர் ஏசவில்லை. சேலையை மடியில் வைத்துக் கறையைத் தடவிக்கொண்டே இருந்தார். ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அடுத்தவர் பொருளை வீட்டில் வைத்துத் தொழில் செய்கிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: ஏற்றுவதென்றால் முதலில் ஏற்ற வேண்டியது அதைத்தான், உங்கள் ஃபிரிட்ஜையல்ல.

நிவாரணத்தில் நான் பட்ட பாடு வேறு கதை. வாக்காளர் இடாப்பில் என் பெயர் இன்னும் ஹட்டன் முகவரியில்தான் இருந்தது. இரண்டு வருஷமாக வெல்லம்பிட்டியில் இருக்கிறேன், ஆனால் அந்தப் பிரிவுக் கிராம சேவகருக்கு என்னைத் தெரியாது, நானும் போய்ப் பதியவில்லை. வெள்ளம் வந்த பிறகு வாடகை ஒப்பந்தத்தைக் காட்டலாம் என்றால் அது தண்ணீரில் கூழ். பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி எல்லாம் ஒரே தகரப் பெட்டியில், கட்டிலுக்குக் கீழே. ஈரமான காகிதங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தெடுக்கப் போய்க் கிழித்தும் விட்டேன். ஐந்து தடவை அலைந்தேன். கடைசியில் நானா ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, கூடவே வந்து, "இது நம்ம லேன் பிள்ளைதான்" என்று சொன்ன பிறகுதான் பட்டியலில் பெயர் ஏறியது. ஆகவே குடிபோன மாதமே கிராம சேவகரிடம் பதியுங்கள். காகிதங்களைப் பொலித்தீனில் சுற்றி வீட்டிலேயே உயரமான இடத்தில் வையுங்கள், ஒரு பிரதியை வேறு ஊரில் வையுங்கள். வீட்டுப் பொருட்களை ஃபோனில் படம் எடுத்து யாருக்காவது அனுப்பிவையுங்கள்.

விசுவாசத்தின் கணக்கு இதைவிட மெதுவாகத்தான் தீர்ந்தது. பல மாதம் வேதத்தைத் திறக்கவில்லை, திறக்கவும் முடியாது, அன்றிரவு நான் தூக்கிக்கொண்டு ஓடிய வேதாகமமும் ஈரத்தில் ஊதி இரண்டு மடங்கு தடிப்பாகிவிட்டது. கணவர் புதிது வாங்கச் சொன்னார். எனக்கு மனமில்லை. ஒருநாள் அதே ஊதிய புத்தகத்தில், பக்கங்களை ஒவ்வொன்றாக உரித்து, 'முன்னறிவு' என்ற சொல் எங்கே வருகிறதென்று தேடினேன். சண்டை பிடிக்கத்தான் தேடினேன். ரோமர் 8:29இல் வருகிறது, தேவன் எவர்களை முன்னறிந்தாரோ என்று. 'எவைகளை' இல்லை, 'எவர்களை'. அங்கே அவர் முன்கூட்டி அறிந்திருப்பதாகச் சொல்லப்படுவது வெள்ளத்தையோ பஞ்சத்தையோ அல்ல, ஆட்களை. அதே அதிகாரத்தில் ஆறு வசனம் தள்ளி உபத்திரவம், பசி, நிர்வாணம், நாசமோசம் என்று ஒரு பட்டியலும் இருக்கிறது. முன்னறியப்பட்டவர்களுக்கு அதெல்லாம் வராது என்று அந்த நிருபத்தை எழுதிய பவுல் சொல்லவில்லை, வந்தாலும் கிறிஸ்துவின் அன்பை விட்டுப் பிரிக்காது என்றுதான் எழுதுகிறார். என் அட்டையைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். அதிலும் 'கடக்கும்போது' என்றுதானே இருந்தது. ஐந்து மாதம் தினமும் பால் எடுக்கப் போகும்போது பார்த்தும், அந்த ஒரு சொல்லை நான் வாசிக்கவேயில்லை.

கடவுளுக்கு எல்லாம் முன்னமே தெரியும் என்று இப்போதும் நம்புகிறேன். அவர் எனக்கு ஏன் நேரடியாகச் சொல்லவில்லை என்ற கேள்வி போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், மழைக்காலத்தில் திரும்ப வரும். ஆனால் வேதத்தில் அவர் முன்கூட்டிச் சொன்ன இடங்களைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. எகிப்து ராஜா பார்வோனுக்குக் கனவில் பஞ்சத்தைக் காட்டியதும், அதற்கு அர்த்தம் சொன்ன யோசேப்பு ஜெபக்கூட்டம் வைக்கவில்லை, விளைச்சலில் ஐந்திலொரு பங்கைக் களஞ்சியத்தில் சேர்க்கச் சொன்னான். அகபு என்ற தீர்க்கதரிசி பஞ்சம் வரப்போகிறது என்று சொன்னதும் அந்தியோகியாச் சீஷர்கள் யூதேயாவுக்குக் காசு சேர்த்து அனுப்பினார்கள். ஆபத்தைக் கண்டு விவேகி மறைந்துகொள்வான், பேதை நெடுகப் போவான் என்கிற வசனம் நீதிமொழிகளில் 22ஆம் அதிகாரத்தில் ஒரு தடவை, 27இல் மறுபடியும் இருக்கிறது. என்னைப் போன்ற ஆட்களுக்காகத்தான் இரண்டு தடவை எழுதிவைத்தார்கள் போலும். மெஷினை மேலே தூக்கிவைத்தால் விசுவாசக் குறைவு என்று எனக்கு எந்தப் போதகரும் சொல்லித்தரவில்லை, நானாகவே அப்படிப் பழகியிருந்தேன்.

2017 பெரிய வெள்ளியன்று மீத்தொட்டமுல்லையில், கொழும்புக் குப்பையைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த குப்பை மலை சரிந்தது. எங்கள் பழைய வீட்டுக்குப் பக்கம். அன்றுதான் புத்தாண்டும். அந்தக் குப்பை ஒருநாள் எங்கள்மேல் விழும் என்று அங்கிருந்த சனங்கள் வருஷக்கணக்காகக் கத்தியிருக்கிறார்கள், வீதியில் இறங்கியும் இருக்கிறார்கள். திடீர் அழிவு என்று செய்தியில் சொன்னபோது எனக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை. அதில் திடீரென்று என்ன இருந்தது?

இப்போது தெஹிவளையில் இரண்டாம் மாடியில் இருக்கிறேன். தையல் கூலியில் ஐந்திலொன்று என்று முடிவதில்லை, பத்திலொன்றைத் தனியாக எடுத்துவைக்கிறேன், அதைத் தசமபாகத்தோடு சேர்க்காமல். வாக்குத்தத்த அட்டை இப்போதும் எடுக்கிறேன், ஃபிரிட்ஜில் ஒட்டுவதில்லை. ஒவ்வொரு மே மாதமும் முதல் மழை விழுந்ததும் நானாவிடமிருந்து ஃபோன் வரும்.

"தங்கச்சி, மெஷினெல்லாம் மேல ஏத்தியாச்சா?"

"நான் இருக்கிறதே ரெண்டாம் மாடியில நானா."

"இருக்கட்டும். ஏத்திருங்க."

மேசையின் மேல் ஏற்றிவிட்டுத்தான் படுக்கப் போவேன்.